கொழுந்து வாடுமுன்: இரசாயனவியலில் பட்டப்பின் ஆய்வுக்குப் போகும் மலையகப் பிள்ளைகளுக்கு

இரசாயனவியலில் பட்டம் முடித்துவிட்டு, ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருப்பதா, மேலே படிப்பதா என்று யோசிக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். மேலே படிப்பது என்று முடிவெடுத்தால் முதலில் தெரியவேண்டியது விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும் என்பது இல்லை. பட்டப்பின் ஆய்வுகளில் பல, கருவிக்கு முன்னால் உட்காரும் முன்பே கெட்டுப்போகின்றன. மாதிரி எடுத்த விதத்தில், நியமக் கரைசல் நிறுத்த விதத்தில், எத்தனை செடி எத்தனை தடவை என்று எண்ணிய விதத்தில் கெடுகின்றன. இரண்டு வருடம் கழித்து ஆய்வேடு எழுதும்போதுதான் அது வெளியே தெரியும். ஆகவே இந்தப் பதிவில் அந்த இடங்களில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

முதலில் பட்டங்களைப் பற்றிச் சுருக்கமாக. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டம், குறைந்தது 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம், 60 கிரெடிட். முதுதத்துவமாணி (எம்.ஃபில்.) 11ஆம் மட்டம், முழுநேரமாகக் குறைந்தது 2 வருடம். கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம், குறைந்தது 3 வருடம். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு சனி ஞாயிறு வகுப்புக்குப் போய் முடிக்கக்கூடியது பாடநெறி முதுமாணி. முதுதத்துவமாணியை அப்படிச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பிரித்தெடுத்த கரைசல் சனிக்கிழமை வரை காத்திருக்காது. கருவிக்கான நேரமும் வார நாளில்தான் கிடைக்கும்.

மலைநாட்டுக்குள்ளேயே போகக்கூடிய இடங்கள் இருக்கின்றன. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் 1961இல் தொடங்கியது. விஞ்ஞானத்துக்கான பட்டப்பின் படிப்பு நிறுவகம் 1996இல் அங்கேயே அமைந்தது. கண்டி ஹந்தானை வீதியில் 1981இல் உருவான தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து, பட்டத்துக்குப் பேராதனையில் பதிந்துகொள்வது பழக்கத்தில் உள்ள வழி. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம். அதன் தொடக்கம் 1925. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம், 2005இலிருந்து.

மேற்பார்வையாளரைத் தேடும்போது அவருடைய கட்டுரைகளைப் படிக்கச் சொல்வார்கள். படியுங்கள். அதோடு அவரிடம் இப்போது படிக்கிற மாணவர் ஒருவரைத் தேநீர்க் கடையில் பிடித்து உட்காரவைத்துக் கேளுங்கள்: எச்.பி.எல்.சி. (கலவையிலுள்ள சேர்வைகளைப் பிரித்து அளக்கும் கருவி) கடைசியாக ஓடியது எந்த மாதம்? அதில் பிரிப்பை நடத்தும் குழாயான கொலம் யாருடையது, எத்தனை ஊசியேற்றம் ஆகியிருக்கிறது? அதில் ஓடும் கரைப்பானான அசற்றோநைத்திரைல் முடிந்தால் யார் வாங்குவது, எத்தனை வாரம் ஆகும்? முன்னே இருந்தவர்கள் எத்தனை வருடத்தில் ஆய்வேடு கையளித்தார்கள்? நியமப் பொருள்கள் இருக்கும் குளிரூட்டிக்கு மின்சாரம் போனால் ஜெனரேட்டர் இணைப்பு உண்டா? இந்த ஐந்துக்கும் நேரான பதில் கிடைக்கிற ஆய்வுகூடம், பெயர்பெற்ற ஆனால் கருவி படுத்துக்கிடக்கிற ஆய்வுகூடத்தைவிட உங்களுக்கு நல்லது. கருவியைப் பார்த்துத் தலைப்பை எடுங்கள். தலைப்பை எடுத்துவிட்டுக் கருவியைத் தேடினால் வருடங்கள் போய்விடும்.

பண விஷயத்தையும் வெட்கப்படாமல் முதலிலேயே கேட்கவேண்டும். பதிவுக் கட்டணம் வேறு, ஆய்வுகூடக் கட்டணம் வேறு, இரசாயனப் பொருள்களின் செலவு வேறு. ஆய்வு மானியத்தில் உதவியாளராகச் சேர்ந்தால் மாதக் கொடுப்பனவு எந்தத் திகதியில் முடிகிறது என்பதையும் கேளுங்கள். மானியம் முடிகிற நாளும் ஆய்வேடு முடிகிற நாளும் ஒன்றாக வருவது மிகவும் குறைவு. அந்த இடைவெளிக்கு என்ன செய்வது என்று வீட்டில் இப்போதே பேசி வையுங்கள்.

இனித் தேயிலைக்கு வருகிறேன். மலையகத்திலிருந்து போகிற பிள்ளைக்குத் தேயிலை நல்ல தலைப்பு. கொழுந்து, வங்கி (மொட்டு அடங்கி வளர்ச்சி நின்ற கொழுந்து), கவ்வாத்து (செடியை வெட்டிவிடுவது), மலை (தோட்டத்தின் தேயிலைப் பகுதி), ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) என்ற சொற்கள் எல்லாம் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவை. வெளியிலிருந்து வருகிற மாணவர் ஆறு மாதத்தில் கற்கிறதை நீங்கள் அம்மாவிடம் ஒரு பொழுதில் கேட்டுவிடலாம். ஆனால் அந்தப் பழக்கமே ஒரு பிழைக்கும் வழிவைக்கும். கொழுந்து நமக்கு அவ்வளவு பழகிய பொருளாக இருப்பதால், அதைச் சும்மா ஒரு பொலித்தீன் பையில் போட்டு பஸ் ஏறிவிடுகிறோம்.

பறித்த கொழுந்து உயிரோடு இருக்கிறது, மூச்சு விடுகிறது, சூடாகிறது. கூடையில் அமுக்கி அடைத்த கொழுந்து நடுவில் சூடேறிச் சிவந்துபோவதைத் தோட்டத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தச் சிவப்புத்தான் உங்கள் ஆய்வின் எதிரி. இலையின் உயிரணுவுக்குள் கட்டெக்கின்கள் (தேயிலையின் முக்கியப் பொலிபீனோல்கள்) புன்வெற்றிடத்தில் இருக்கின்றன. அவற்றை ஒட்சியேற்றும் பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற செம்பு கொண்ட நொதியம் பச்சையவுருமணியில் இருக்கிறது. இலை நசுங்காதவரை இரண்டும் சந்திக்காது. நசுங்கினால், கீறினால், வாடிக் கலமென்சவ்வு தளர்ந்தால் சந்திக்கும். ஸ்டோரில் ரோலரில் அரைப்பது இதை வேண்டுமென்றே நடத்துகிற வேலை. அங்கே கட்டெக்கின்கள் தியாபிளேவினாகவும் தியாரூபிஜினாகவும் மாறித் தேநீருக்கு நிறமும் துவர்ப்பும் வருகின்றன. அதே காரியம் உங்கள் பைக்குள், உங்களுக்குத் தெரியாமல், தலவாக்கலைக்கும் பேராதனைக்கும் இடையில் பஸ்ஸில் நடக்கக்கூடாது.

செய்யவேண்டியது இது. திரவ நைதரசன் கொண்டுபோக வசதி இருந்தால் மலையிலேயே இலையை உறையவைத்து, உறைந்தபடியே கொண்டுவந்து உறைநிலையில் உலர்த்தலாம். அது இல்லாதவர்களுக்கு நீராவி போதும். ஒரு கேஸ் அடுப்பும் ஆவியில் அவிக்கிற பாத்திரமும் எடுத்துக்கொண்டு போங்கள். பறித்த 15 நிமிடத்துக்குள், தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்தபின் 2 நிமிடம் வையுங்கள். சென் கூம்ஸ் ஏறக்குறைய 1,380 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 பாகைக்குச் சற்று மேலே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94 பாகை அளவில். நொதியத்தைக் கொல்ல அது போதும், ஆனால் 3 நிமிடம் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அதற்கு மேல் வைத்தால் கட்டெக்கின்களே உருமாறத் தொடங்கும், தண்ணீரோடு கொஞ்சம் கசிந்தும் போகும்.

நொதியம் செத்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லமுடியாது. ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. அவித்த இலைத் துண்டு ஒன்றை நசுக்கி, 1 சதவீத குவாயக்கோல் கரைசல் சில துளி, 0.5 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டு சில துளி விடுங்கள். சில நிமிடத்தில் செங்கபிலம் வந்தால் பேரொட்சிடேசு இன்னும் வேலை செய்கிறது. அந்த நொதியம் வெப்பத்தை மற்றதைவிட அதிகம் தாங்கக்கூடியது. ஆகவே அது அடங்கியிருந்தால் ஒட்சிடேசும் அடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சோதனையின் படத்தை ஆய்வேட்டில் சேருங்கள். பரீட்சகர் கேட்குமுன்னே பதில் இருக்கும்.

இலை நறுக்க இரும்புக் கத்தி வேண்டாம். கொழுந்து வெட்டிய கத்தியில் கருநீலக் கறை படிவதைப் பார்த்திருப்பீர்கள். இரும்பு அயனும் பொலிபீனோலும் சேர்ந்து தருகிற சிக்கல் சேர்வை அது. கறை கத்தியில் மட்டும் நிற்காது, மாதிரிக்குள்ளும் போகும். துருப்பிடிக்காத உருக்கு, செரமிக், அல்லது கை.

அவித்த இலையை 60 பாகை காற்றடுப்பில் ஓர் இரவு உலர்த்தி, அரைத்து, 0.5 மில்லிமீற்றர் அரிப்பில் அரித்து, அலுமினியப் பையில் சிலிக்கா ஜெல் சிறு பொதியோடு போட்டு மூடி, மைனஸ் 20 பாகையில் வையுங்கள். பச்சைக் கொழுந்தில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிராம் கொழுந்து கொண்டுவந்தால் கையில் நிற்பது 20 இலிருந்து 25 கிராம். எல்லாச் சோதனைக்கும், திரும்பச் செய்ய வேண்டிவந்தால் அதற்கும், ஒரு பங்கு எடுத்து வைப்பதற்கும் அது போதும்.

மலையில் இறங்கும் முன் தோட்டத்துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கணக்கப்பிள்ளையிடமோ வெளிக்கள உத்தியோகத்தரிடமோ நாலு விஷயம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த நம்பர் மலை, என்ன இனம், கடைசிக் கவ்வாத்து எந்த மாதம், கடைசியாக உரமும் மருந்தும் போட்டது எந்த நாள். ஒரே டி.ஆர்.ஐ. 2025 (இது தேயிலை இனத்தின் பெயர், வருடம் அல்ல) இனமானாலும் கவ்வாத்து வெட்டி ஒரு வருடமான மலையும் நாலு வருடமான மலையும் ஒரே கணக்கில் வராது. பருவமும் அப்படித்தான். திம்புளைப் பக்கம் தை, மாசி, பங்குனியை ஒட்டிய வறட்சி, ஊவாவில் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை அடிக்கிற வறண்ட காற்று, இந்த மாதங்களில்தான் மணமான தேயிலை வருகிறது. இரண்டு இடத்தை ஒப்பிடுகிறேன் என்று ஒரே வாரத்தில் இரண்டு பக்கமும் பறித்தால், ஒப்பிட்டது இடத்தையா பருவத்தையா என்று சொல்லமுடியாமல் போய்விடும். பறிக்கிற நேரமும் ஒன்றாக இருக்கட்டும், காலை 8க்கும் 10க்கும் நடுவில். எல்லாத் தடவையும் இரண்டு இலை ஒரு மொட்டு. வங்கியைக் கலக்கவேண்டாம்.

அடுத்தது மொத்தப் பொலிபீனோல் அளப்பது. ஐ.எஸ்.ஓ. 14502 என்ற சர்வதேசத் தராதரத்தின் முதலாம் பகுதி ஃபோலின் சியோகல்டு முறையைச் சொல்கிறது. ஃபோலின் கரைசல் பொலிபீனோலோடு சேர்ந்து நீலமாகும், அந்த நிறத்தை அளப்பதுதான் முறை. பார்க்க மிக எளிது. அதனால்தான் பிழைகள் நிறைய.

0.200 கிராம் தூளை எடுத்து, 70 பாகை நீர்த்தொட்டியில் சூடாக்கிய 70 சதவீத மெதனோல் 5 மில்லிலீற்றர் விடுங்கள். 10 நிமிடம் அதே தொட்டியில், தொடக்கத்திலும் 5ஆம் நிமிடத்திலும் 10ஆம் நிமிடத்திலும் கலக்கி. ஆறவைத்து, மையநீக்கியில் 3,500 சுற்றில் 10 நிமிடம். தெளிந்ததை வடித்தெடுத்து, மண்டிக்கு இன்னும் 5 மில்லிலீற்றர் விட்டு அதையே திரும்பச் செய்து, இரண்டையும் சேர்த்துக் குளிர்ந்த 70 சதவீத மெதனோலால் 10 மில்லிலீற்றருக்கு நிரப்புங்கள். இதில் 1 மில்லிலீற்றரைத் தண்ணீரால் 100க்கு ஐதாக்குங்கள். ஐதாக்கியதில் 1.0 மில்லிலீற்றர், 10 சதவீத ஃபோலின் 5.0 மில்லிலீற்றர், 3 இலிருந்து 8 நிமிடத்துக்குள் 7.5 சதவீத சோடியம் காபனேற்று 4.0 மில்லிலீற்றர். 60 நிமிடம் அறை வெப்பநிலையில் வைத்து 765 நனோமீற்றரில் உறிஞ்சலை வாசியுங்கள்.

அந்த 3 இலிருந்து 8 நிமிடம் என்பதுதான் முதலாவது பொறி. 30 சோதனைக் குழாய் வரிசையாக வைத்து எல்லாவற்றுக்கும் ஃபோலின் விட்டு முடிக்கும்போது முதல் குழாய்க்கு 15 நிமிடம் ஆகியிருக்கும். ஒரு தொகுதியில் 10 குழாய், ஒவ்வொன்றுக்கும் 30 வினாடி இடைவெளி. பத்தும் முடிய 5 நிமிடம். உடனே முதல் குழாயிலிருந்து அதே 30 வினாடி ஒழுங்கில் காபனேற்று. ஒரு மணிநேரம் கழித்து வாசிப்பதும் அதே ஒழுங்கில். கைபேசியின் நேரக்கணிப்பானைக் குழாய்த் தாங்கிக்குப் பக்கத்தில் வையுங்கள். காபனேற்றை முதலில் விடக்கூடாது. ஃபோலின் காரத்தில் தானாகவே சிதைந்துவிடும், பீனோலைச் சந்திக்கும் முன்பே பாதி போய்விடும்.

இரண்டாவது பொறி, நியமமாக எடுக்கும் கல்லிக் அமிலப் போத்தலின் லேபல். ஒருநீரேற்றின் மூலர்த் திணிவு 188.1, நீரற்றதினது 170.1. போத்தல் ஒருநீரேற்று என்று சொல்ல, நீங்கள் 0.100 கிராம் நிறுத்து 100 மில்லிலீற்றரில் கரைத்து அதை மில்லிலீற்றருக்கு 1,000 மைக்ரோகிராம் என்று எழுதினால், உள்ளே இருப்பது ஏறக்குறைய 904 மட்டும். நியம வளைகோடு சாய்ந்துவிடும். தேயிலையின் பொலிபீனோல் 10 சதவீதத்துக்கு மேல் கூடத் தெரியும். ஒருநீரேற்றானால் 0.110 கிராம் நிறுங்கள். அதிலிருந்து 1, 2, 3, 4, 5 மில்லிலீற்றரை ஒவ்வொன்றையும் 100க்கு நிரப்பினால் 10 இலிருந்து 50 வரை ஐந்து புள்ளி.

மூன்றாவது, அஸ்கோபிக் அமிலம். எச்.பி.எல்.சி. மாதிரிக்குக் கட்டெக்கின் கெடாமல் இருக்க அஸ்கோபிக் அமிலமும் ஈ.டி.டி.ஏ.யும் கலந்த நிலைப்படுத்தும் கரைசல் சேர்ப்போம். அதே குப்பியிலிருந்து ஃபோலினுக்கும் எடுத்தால் தொலைந்தது. ஃபோலின் பீனோலை மட்டும் பார்ப்பதில்லை, தாழ்த்தக்கூடிய எதையும் பார்க்கும். விற்றமின் சீ அதற்கு முதல்தரத் தீனி. இரண்டு சோதனைக்கும் பிரித்தெடுப்பை ஆரம்பத்திலேயே இரண்டு குப்பியாகப் பிரித்து, வேறு வேறு நிற மூடி போடுங்கள். ஃபோலின் போத்தல் மஞ்சளாக இருக்கவேண்டும். பச்சை தட்டியிருந்தால் அது ஏற்கனவே தாழ்த்தப்பட்டுவிட்டது, எடுக்கவேண்டாம்.

கணக்கு ஒன்றைக் கையால் போட்டுப் பழகுங்கள். வளைகோட்டிலிருந்து ஐதாக்கிய கரைசலில் மில்லிலீற்றருக்கு 38 மைக்ரோகிராம் என்று வந்தால், ஐதாக்கத்துக்கு 100ஆல் பெருக்க 3,800. மொத்தக் கனவளவு 10 மில்லிலீற்றர், ஆகவே 38,000 மைக்ரோகிராம், அதாவது 38 மில்லிகிராம். எடுத்த தூள் 200 மில்லிகிராம், ஆகவே 19.0 சதவீதம். தூளில் உலர்பொருள் 95 சதவீதம் என்று 103 பாகை அடுப்பில் கண்டிருந்தால் 19.0ஐ 0.95ஆல் வகுக்க 20.0 சதவீதம். இந்தக் கடைசி வகுத்தலை மறப்பவர்கள் நிறையப் பேர். பனி மாதத்தில் மூடி திறந்த தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும், மாதத்துக்கு மாதம் எண் இறங்கும். அது தேயிலையின் மாற்றம் என்று நினைத்து ஒரு பந்தி விளக்கமும் எழுதிவிடுவார்கள்.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாடப்புத்தகத்து 'அறை வெப்பநிலை' 25 பாகை. நுவரெலியாவின் வருடச் சராசரியே 16 பாகை அளவு. காலையில் ஆய்வுகூடத்தைத் திறந்தால் டைமெதில் சல்பொட்சைட்டுப் போத்தல் கல்லாக இருக்கும். அதன் உருகுநிலை 18.5 பாகை. பனிக்கட்டி அசற்றிக் அமிலம் 16.6 பாகையில் உறையும். போத்தல் கெட்டுப்போனதென்று எறியவேண்டாம், 30 பாகை நீரில் நிறுத்தி முழுவதும் உருகியபின் கலக்கி எடுங்கள். பாதி உருகியதை எடுத்தால் தண்ணீர்ச் செறிவு மாறியிருக்கும். சில முறைகளில் 20 சதவீத சோடியம் காபனேற்று கேட்பார்கள். குளிரில் அதன் கரைதிறன் வேகமாகக் குறைகிறது, 10 பாகையில் போத்தலின் அடியில் பளிங்கு நிற்கும், மேலே இருப்பது 20 சதவீதமே இல்லை. ஃபோலின் நிறமும் குளிரில் மெதுவாகத்தான் வரும். ஆகவே அந்த 60 நிமிடத்தை 25 பாகை நீர்த்தொட்டியில் வைத்து, ஆய்வேட்டில் 'அறை வெப்பநிலை' என்று எழுதாமல் '25 பாகை' என்று எழுதுங்கள். கொதிநீரில் கஃபீன் பிரித்தால் அங்கே கொதித்த வெப்பநிலையை வெப்பமானியால் பார்த்து எழுதுங்கள். 100 என்று எழுதினால் அது மலைநாட்டில் பொய்.

எச்.பி.எல்.சி.யில் கட்டெக்கின் பிரிக்கும் முறை அதே தராதரத்தின் இரண்டாம் பகுதி. பீனைல் கொலம், 35 பாகை, நிமிடத்துக்கு 1.0 மில்லிலீற்றர், 278 நனோமீற்றர். நகரும் கரைப்பானில் அசற்றோநைத்திரைல், 2 சதவீத அசற்றிக் அமிலம், கொஞ்சம் ஈ.டி.டி.ஏ. அமிலம் எதற்கு என்றால் நடுநிலைக் கரைசலில் ஈ.ஜி.சி.ஜி. (கட்டெக்கின்களில் முக்கியமானது) கெடாமல் நிற்காது. ஈ.டி.டி.ஏ. எதற்கு என்றால் ஒட்சியேற்றத்தைத் தூண்டும் உலோக அயன்களைக் கட்டிப்போட. உங்கள் ஆய்வுகூடத்தில் சி18 கொலம்தான் இருக்கிறது என்றால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் உச்சிகள் நன்றாகப் பிரிகின்றனவா, நேர்கோட்டு வீச்சு எவ்வளவு, சேர்த்த நியமம் எத்தனை சதவீதம் திரும்பக் கிடைக்கிறது என்பதை நீங்களே நிறுவவேண்டும். அதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

தினமும் பம்பை இயக்கியவுடன் அமுக்கத்தை ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள். மெதுவாக ஏறினால் மாதிரி அழுக்கு, காவல் கொலத்தை மாற்றவேண்டும். திடீரென்று ஏறினால் உப்பு படிந்திருக்கலாம். உப்புள்ள தாங்கற் கரைசலிலிருந்து நேராகத் தூய அசற்றோநைத்திரைலுக்கு மாற்றினால் உப்பு கொலத்துக்குள்ளேயே வீழ்படிவாகும். இடையில் 10 சதவீத அசற்றோநைத்திரைல் தண்ணீர் அரைமணிநேரம் ஓடட்டும். அமுக்கம் ஆடினால் காற்றுக் குமிழ். எந்த மாதிரியானாலும் 0.45 மைக்ரோமீற்றர் வடி கடந்தபின்தான் ஊசிக்குப் போகவேண்டும். பத்து மாதிரிக்கு ஒரு தடவை நியமத்தை ஏற்றிப் பாருங்கள், பரப்பளவு தொடக்கத்திலிருந்து விலகினால் அந்தப் பத்தையும் திரும்ப ஓட்டுங்கள். மின்சாரம் போய் வந்தால் டியூற்றீரியம் விளக்கு நிலைக்கு வர அரைமணிநேரம் பொறுக்கவேண்டும். மாதிரிகளை இனம் இனமாக வரிசையில் ஏற்றாமல் குலுக்கிப்போட்டு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் கருவியின் நகர்வு இனத்தின் வேறுபாடாக வேடம் போடும்.

ஒரு குறிப்பு: ஃபோலின் முடிவு வழக்கம்போல வந்து, ஈ.ஜி.சி.ஜி. மட்டும் மிகக் குறைந்திருந்தால் கருவியைச் சந்தேகப்படும் முன் மாதிரியைப் பாருங்கள். ஒட்சியேறிய விளைபொருள்களுக்கும் ஃபோலின் நிறம் கொடுக்கும், எச்.பி.எல்.சி.யில் ஈ.ஜி.சி.ஜி. உச்சி மட்டும் சுருங்கும். பஸ்ஸில் சிவந்த கொழுந்தின் அடையாளம் இதுதான்.

சேர்வை பிரித்தெடுக்கும் பக்கம் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: தேயிலைச் சாயத்தை டைகுளோரோமெதேனோடு பிரிபுனலில் குலுக்கினால் பால்போலக் குழம்பாகி நாள்முழுக்கப் பிரியாது. குலுக்காமல் மெதுவாகச் சாய்த்துச் சுழற்றுங்கள், முன்னதாகச் சோடியம் காபனேற்றுச் சேர்த்தால் தனின் உப்பாகித் தண்ணீரிலேயே நிற்கும், குழம்பிவிட்டால் கறியுப்பு. சுழல் ஆவியாக்கியில் குடுவையைப் பாதிக்கு மேல் நிரப்பவேண்டாம், நுரைத்துக் கொண்டு மேலேறிவிடும். என்.எம்.ஆர். (கருக் காந்தப் பரிவு) நிறமாலையில் 1.26, 2.05, 4.12இல் உச்சி கண்டால் புதுச் சேர்வை என்று துள்ளவேண்டாம். டியூற்றரோகுளோரோபோமில் எதைல் அசற்றேற்று எச்சம் அங்கேதான் நிற்கும்.

இனி எண்ணிக்கை. வைவா என்ற வாய்மொழிப் பரீட்சையில் மாணவர்கள் தடுமாறுகிற இடம் இது, ஏனென்றால் இதைப் பின்னால் திருத்தவே முடியாது. ஒரே தூளிலிருந்து மூன்று தடவை 0.200 கிராம் நிறுத்து மூன்று உறிஞ்சல் வாசித்தால், அந்த மூன்றும் உங்கள் கை எவ்வளவு நிதானம் என்றுதான் சொல்லும். அந்த மலையில் தேயிலை எப்படி இருக்கிறது என்று சொல்லாது. மலையைப் பற்றிச் சொல்ல, மலையிலேயே மூன்று துண்டு தனித்தனியாகக் குறிக்கவேண்டும். ஒவ்வொரு துண்டிலும் 20 செடிக்குக் குறையாமல் பறித்து, மூன்றையும் கலக்காமல் தனித்தனியாக அவித்து, உலர்த்தி, அரைத்து, ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளக்கவேண்டும். கிடைப்பது 9 எண். புள்ளிவிபரச் சோதனைக்குள் போவது 3 எண் மட்டும், ஒவ்வொரு துண்டின் சராசரி. ஒன்பதையும் தனித்தனி என்று போட்டால் வேறுபாடு இல்லாத இடத்தில் வேறுபாடு தெரியும். அனுபவமுள்ள பரீட்சகர் அட்டவணையின் கீழ்க்குறிப்பில் 'n' எத்தனை என்று பார்த்து முதல் கேள்வியாகவே இதைக் கேட்பார். மூன்று குறைவு என்று நினைத்தால், துண்டுகளைக் கூட்டுங்கள். ஒரு துண்டை அளக்கும் தடவைகளை இரண்டாகக் குறைத்துக்கொண்டால் வேலை அதிகம் ஏறாது.

மொழியைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். உயர்தரத்தைத் தமிழில் படித்தவர்களுக்கு நியமிப்பும் வீழ்படிவும் ஒட்சியேற்றமும் கையில் இருக்கின்றன. ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்பதற்காக அவற்றைத் தூக்கி எறியவேண்டியதில்லை. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தமிழ்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் சோடியாக எழுதி வாருங்கள். சிந்தனை தமிழில் தெளிவாக ஓடட்டும். ஆய்வுகூடக் கொப்பியை மட்டும் அன்றைக்கே, மையில், பக்க இலக்கத்தோடு, மேற்பார்வையாளர் வாசிக்கக்கூடிய மொழியில் எழுதுங்கள். எடை இயந்திரத்தின் அச்சுத் தாளை ஒட்டும்போது நகல் எடுத்து ஒட்டுங்கள், வெப்பத்தாள் எழுத்து ஒரு வருடத்தில் மங்கிவிடும்.

வெளிநாட்டுக்குப் போக நினைப்பவர்களுக்கு: அமெரிக்காவில் சிறப்புப் பட்டத்தோடு நேராகக் கலாநிதிப் படிப்பில் சேரலாம். ஐந்து வருடம் அளவு ஆகும். இரசாயனவியலில் பெரும்பாலும் கற்பித்தல் உதவியாளர் வேலைக்குப் பதிலாகக் கட்டணத்தைத் தள்ளி மாதக் கொடுப்பனவும் தருவார்கள். அடுத்த ஆகஸ்டில் தொடங்குவதற்கு விண்ணப்ப முடிவு திகதி பெரும்பாலும் டிசெம்பரில் வரும். இங்கே பெறுபேற்றுப் பத்திரம் எடுக்கவும் மூன்று பரிந்துரைக் கடிதம் சேர்க்கவும் ஆகும் காலத்தை வைத்துப் பார்த்தால் அதற்கு முந்தின ஆகஸ்டிலேயே விண்ணப்ப வேலையைத் தொடங்கவேண்டும். பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில் பத்து வரிக்கு மேல் வேண்டாம். எந்தக் கருவியை நீங்களே தனியாக ஓட்டியிருக்கிறீர்கள், என்ன பிழை வந்து எப்படித் திருத்தினீர்கள் என்று இரண்டு வரி இருந்தால், 'சிறுவயதிலிருந்தே இரசாயனவியலில் ஆர்வம்' என்ற பந்தியைவிட அது அதிகம் வேலை செய்யும்.

கடைசியாக, அந்த எடுத்து வைத்த பங்கு. அரைத்த ஒவ்வொரு தூளிலும் 5 கிராம் தனிப் பையில் போட்டு, திகதி, மலை நம்பர், துண்டு, இனம் நாலையும் பென்சிலால் ஒரு கடதாசித் துண்டில் எழுதி உள்ளே வையுங்கள். மேலே எழுதிய மார்க்கர் மை மெதனோல் ஒரு துளி பட்டாலே போய்விடும். வைவா முடிந்து, பரீட்சகர் சொன்ன திருத்தங்களைச் செய்து, ஆய்வேட்டின் இறுதிப் பிரதியைக் கையளிக்கும் நாள்வரை அந்தப் பைகள் குளிரூட்டியின் கீழ்த்தட்டில் இருக்கட்டும். "இந்த ஒரு மாதிரியைத் திரும்ப அளந்து காட்டமுடியுமா?" என்ற கேள்வி வந்தால், அதே பருவத்துக்காக இன்னொரு வருடம் காத்திருக்கத் தேவையில்லை.